ஸ்பீக்கர் வாங்கியாச்சு, ஆம்ப் எது? வால்வு, கிளாஸ் ஏ, ஏபி, டி: ஓர் ஒப்பீடு

லட்சக்கணக்கில் செலவு செய்து நல்ல ஸ்பீக்கர் வாங்கி ஹாலில் நிறுத்தியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் ஆம்ப்ளிஃபயர். கடையில் கேட்டால் கடையில் ஸ்டாக் இருக்கும் ஆம்பைச் சொல்வார்கள். நண்பரைக் கேட்டால் அவர் வீட்டில் இருப்பதைச் சொல்வார். இணையத்தில் தேடினாலோ வால்வு கட்சி, கிளாஸ் ஏ கட்சி, கிளாஸ் டி கட்சி என்று ஆளுக்கொரு கொடி பிடித்துச் சத்தியம் செய்கிறார்கள்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்பீக்கரும் அது நிற்கும் அறையும்தான். ஸ்பீக்கரின் ஸ்பெக் தாளில் இரண்டு எண்களையும் அதன் இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் மின் எதிர்ப்பு) வரைபடத்தையும் பார்த்துவிட்டால் பாதி ஆம்புகள் போட்டியிலிருந்து தானாக விலகிவிடும். ரசனை, பட்ஜெட், வெயில், கரண்ட் பில், சர்வீஸ் எல்லாம் மிச்சம் நிற்பவற்றுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

## எதை வைத்து எடை போடுவது?

எத்தனை வாட்? ஸ்பெக் தாளில் ‘87 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதுதான் சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்டேஜ் 2 வாட் ஆகிவிடும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர் 87 என்று போட்டிருந்தால் அதை 84 என்று படித்துக்கொள்வதுதான் நியாயம். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு.

ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டரில் சோஃபா இருப்பதாக வைத்துக்கொள்வோம். தூரத்தால் சுமார் 7 டெசிபல் போகும், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபல் திரும்ப வரும். அதாவது 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் சோஃபாவில் 83 டெசிபல். நாம் சாதாரணமாகக் கேட்பது 75 டெசிபல் அளவில்தான், அதற்குக் கால் வாட்கூட வேண்டாம். ஆனால் இசை ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. நல்ல பதிவில் தவிலின் ஓர் அடி சராசரிக்கு மேல் 15, 20 டெசிபல் எகிறும். கொஞ்சம் தாராளமாக ஒலி வைத்து, அந்த அடி 100 டெசிபலைத் தொட வேண்டுமென்றால் 50 வாட் தேவை. 103 வேண்டுமென்றால் 100 வாட். அதே சோஃபாவில் 105 டெசிபல் சென்சிடிவிட்டி போட்டிருக்கும் க்ளிப்ஷ் லா ஸ்காலா ஹார்ன் ஸ்பீக்கர் இருந்தால், கணக்குப்படி 1 வாட்டிலேயே 101 டெசிபல் வந்துவிடும்.

100 வாட் ஆம்புக்கும் 120 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் 0.8 டெசிபல். அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

ஓம் எவ்வளவு கீழே இறங்குகிறது? என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. பெட்டியில் ‘8 ஓம்’ என்று போட்டிருப்பது ஒரு பெயர் மட்டுமே. ஒலியின் அதிர்வெண் மாற மாற ஸ்பீக்கரின் இம்பீடன்ஸும் ஏறி இறங்கும். பவர்ஸ் & வில்கின்ஸ் 802 டி4 ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 90 டெசிபல், 8 ஓம் என்று படித்தால் சாதுவான ஸ்பீக்கர் போலத் தெரியும். அடைப்புக்குறிக்குள் ‘குறைந்தபட்சம் 3 ஓம்’ என்று இருப்பதைப் பலர் படிப்பதில்லை. 8 ஓமில் 100 வாட் கொடுக்க 28 வோல்ட் வேண்டும். அதே 28 வோல்ட்டில் 3 ஓம் இழுப்பது 9 ஆம்பியருக்கு மேல், வாட் கணக்கில் 267. அந்த கரண்டை ஆம்ப் கொடுக்காவிட்டால் பேஸ் தளர்ந்துபோகும், கொஞ்சம் ஒலி ஏற்றியதும் சத்தம் கரகரக்கும். சமதளச் சாலையில் எல்லா பஸ்ஸும் ஓடும், கொல்லிமலை வளைவில் ஏறும்போதுதான் இன்ஜின் எப்படி என்று தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஆம்பின் 8 ஓம் வாட்டையும் 4 ஓம் வாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. லக்ஸ்மேன் எல்-509எக்ஸ் 8 ஓமில் 120 வாட், 4 ஓமில் 220 வாட். கிட்டத்தட்ட இரட்டிப்பாவதால் அதன் பவர் சப்ளை திடமானது என்று நம்பலாம். 4 ஓம் எண்ணையே சொல்லாத ஆம்பாக இருந்தால், ஏன் சொல்லவில்லை என்று யோசியுங்கள்.

ஆம்பின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ். ட்ரான்சிஸ்டர் ஆம்புகளில் இது ஒரு ஓமின் சிறு பகுதி, மறந்துவிடலாம். வால்வு ஆம்பில் 1, 2 ஓம் வரை இருக்கும். 2 ஓம் என்று வைத்து, 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஆடும் ஸ்பீக்கரை அதில் மாட்டினால், ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் 2.7 டெசிபல் வரை ஒலி கூடிக் குறையும். அதாவது ஆம்பே ஒரு ஈக்வலைசராக வேலை செய்யும். அது பிடிக்கவும் செய்யலாம், குரலைக் கெடுக்கவும் செய்யலாம்.

மிச்சம் இரண்டு: சூடும் கரண்ட் செலவும், அப்புறம் சர்வீஸ். இவற்றை ஒவ்வொரு வகையோடும் சேர்த்தே பார்ப்போம்.

## வால்வு ஆம்ப்

ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்தான் வால்வு. 300பி என்ற வால்வை ஒற்றையாகப் போட்டுச் செய்த ஆம்ப் சேனலுக்கு 8 வாட் மாதிரி கொடுக்கும். இஎல்34 என்ற வால்வு ஜோடியாக இருந்தால் 35, 40 வாட். 1961-ல் வந்த மெக்கின்டாஷ் எம்சி275 கேடி88 வால்வுகளை வைத்து 75 வாட் கொடுத்தது. இந்த எண்களை மேலே போட்ட கணக்கோடு சேர்த்தால் முடிவு தானாக வரும். ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 8 வாட் ராஜபோகம். 87 டெசிபல் டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அதே ஆம்ப், மெதுவாகப் பாடும் வாய்ப்பாட்டுக்கு மட்டும்தான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் திணறும்.

சென்சிடிவிட்டி மட்டும் போதாது, இம்பீடன்ஸும் அதிகம் ஆடாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஸ்பீக்கரில் நல்ல வால்வு ஆம்பின் நடு ஸ்தாயி, குறிப்பாகப் பெண் குரலும் வயலினும், கேட்பவரை உட்கார வைத்துவிடும். அதை நான் மறுக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே நிறைய. அவுட்புட் வால்வுகள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம் உழைக்கும். ஒன்று போனால் பெரும்பாலும் ஜோடியாக, சமயத்தில் நான்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இன்று வால்வு தயாரிப்பது ரஷ்யாவின் சரடோவ், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனா என்று சில இடங்களில் மட்டுமே. 2022-ல் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகளின் விலை ஏறியது நினைவிருக்கலாம். வால்வு மாற்றினால் பல மாடல்களில் பயாஸ் (வால்வில் எப்போதும் ஓடும் அடிப்படை கரண்ட்) சரிசெய்ய வேண்டும், உள்ளே 400 வோல்ட் அளவில் டிசி ஓடும், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் கூண்டு இல்லாத வால்வு ஆம்ப் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, ஸ்பீக்கர் வயர் கழன்ற நிலையில் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும். ஆம்பில் அதிக விலையுள்ள பாகங்களில் அதுவும் ஒன்று.

## கிளாஸ் ஏ

இந்த வகை ஆம்ப் பாடினாலும் பாடாவிட்டாலும் முழு கரண்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். பாஸ் லேப்ஸ் எக்ஸ்ஏ25 என்ற ஆம்ப் 8 ஓமில் 25 வாட், 4 ஓமில் 50 வாட் கொடுக்கும். சும்மா இருக்கும்போது எடுத்துக்கொள்வது 240 வாட். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் தினம் கிட்டத்தட்ட ஒரு யூனிட், தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 58 யூனிட் வரை. ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடாக இருந்தால் இது அடுத்த படிக்குத் தள்ளிவிடும், அப்போது கீழ்ப்படி யூனிட்களுக்கும் கூடுதல் கட்டணம். அந்த 240 வாட்டும் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். ஏசி அதையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் சந்தோஷமாக வாங்கலாம். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத ஹாலில் கிளாஸ் ஏ வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் நம் சௌகரியம் மட்டுமில்லை. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் வேலைச்சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. கிளாஸ் ஏ-வை டிவி யூனிட்டின் மூடிய அலமாரிக்குள் தள்ளுவதும் அதே தவறுதான், ஊர் எதுவாக இருந்தாலும்.

அப்படியென்றால் யாருக்கு? ஏசி போட்ட சின்ன அறை, இரண்டு மீட்டர் தூரத்தில் நாற்காலி, மிதமான ஒலியில் கேட்கும் பழக்கம், நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். இந்த நான்கும் பொருந்தினால் 25 வாட் கிளாஸ் ஏ போதும் என்பதோடு, வேறு எதையும் தேடத் தோன்றாது.

## கிளாஸ் ஏபி

பெரும்பாலான வீடுகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. முதல் சில வாட் வரை கிளாஸ் ஏ போலவே ஓடி, அதற்குமேல் தேவைப்படும்போது இரண்டு பக்க ட்ரான்சிஸ்டர்களும் மாறி மாறி வேலை செய்யும். மெதுவாகக் கேட்கும்போது நாம் இருப்பது அந்த முதல் சில வாட்டுக்குள்தான்.

இந்த வகையில் நாம் காசு கொடுப்பது ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் கெபாசிட்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும். அதனால்தான் நல்ல இன்டக்ரேட்டட் ஆம்ப் (ஒலியைக் கட்டுப்படுத்தும் ப்ரீ ஆம்பும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்) 25, 30 கிலோ வருகிறது. ‘200 வாட்’ என்று எழுதிவிட்டு 7 கிலோவில் நிற்கும் ஏபி ஆம்பைக் கண்டால் 4 ஓம் எண்ணைக் கேளுங்கள். எடையை வைத்து ஆம்ப் வாங்குவது சிரிப்பாகத் தோன்றலாம், ஏபி வகையில் அது மோசமான அளவுகோல் கிடையாது.

மெக்கின்டாஷின் பெரிய ட்ரான்சிஸ்டர் ஆம்புகள் வேறு வழியில் போகின்றன. அவுட்புட்டில் ஆட்டோஃபார்மர் என்ற ஒரு வகை ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து 2, 4, 8 ஓமுக்குத் தனித்தனி இணைப்பு கொடுத்து, மூன்றிலும் ஒரே வாட் தருகின்றன. ஆகவே இரட்டிப்பாகிறதா என்ற சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

மறை செலவுகள் சில. பெரிய டொராய்டல் (வளைய வடிவ) ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பை ஆன் செய்யும் கணத்தில் இழுக்கும் கரண்டில் எம்சிபி ட்ரிப் ஆகலாம். எலக்ட்ரீஷியனை வைத்து தனி லைன் இழுத்துவிட்டால் நிம்மதி, எர்த்தையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். மெயின்ஸில் கொஞ்சம் டிசி கலந்திருந்தால் இதே ட்ரான்ஸ்ஃபார்மர் ம்ம்ம் என்று முனகும், அது ஆம்பின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. நம் சூட்டில் 15, 20 வருடத்தில் கெபாசிட்டர்களை மாற்ற வேண்டி வரும். ஆனால் மாற்ற முடியும் என்பதுதான் முக்கியம். நல்ல மெக்கானிக் ஒருவர் சர்க்யூட்டைப் பார்த்து, பழுதான பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு போட்டுவிடுவார். பழைய அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களில் போலி நிறைய புழங்குகிறது, அதில் மட்டும் கவனம் வேண்டும்.

## கிளாஸ் டி

இந்த வகையில் ட்ரான்சிஸ்டர்கள் ஸ்விட்ச் மாதிரி மிக வேகமாக ஆன், ஆஃப் ஆகும், கடைசியில் ஒரு ஃபில்டர் அதை இசையாக்கும். பழைய கிளாஸ் டி ஆம்புகள் மீது இருந்த கெட்ட பெயருக்குக் காரணம் இருந்தது. அவுட்புட்டில் உள்ள அந்த ஃபில்டர் ஃபீட்பேக்குக்கு (அவுட்புட்டைப் பார்த்துப் பிழை திருத்தும் சுற்று) வெளியே இருந்ததால், மாட்டும் ஸ்பீக்கரைப் பொறுத்து ட்ரெபிள் மாறிக்கொண்டிருந்தது. ஃபிலிப்ஸில் இருந்தபோது ப்ரூனோ புட்ஸேஸ் என்ற இன்ஜினியர் அந்த ஃபில்டரையும் ஃபீட்பேக்குக்குள் கொண்டுவந்தார். பிறகு ஹைபெக்ஸின் என்கோர், ப்யூரிஃபை என்று அதே வழியில் வந்த மாட்யூல்களில் (தயார் நிலை ஆம்ப் பலகைகள்) டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவின் அளவு பல நல்ல ஏபி ஆம்புகளைவிடக் குறைவு. ப்யூரிஃபை மாட்யூல் போட்ட நாட் சி298 பவர் ஆம்ப் 8 ஓமில் 185 வாட், 4 ஓமில் 340 வாட். சூடு கொஞ்சம்தான், தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டாம்.

3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கரும் வியர்த்துக் கொட்டும் ஊரும் சேர்ந்தால், இன்று நான் பார்ப்பது இந்த வகையைத்தான். ‘உயிர் இல்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. ஒலியளவைச் சமமாக்கிக் கேட்டுவிட்டு அதையே சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

எச்சரிக்கை இரண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கையடக்க ஆம்புகளில் பலவற்றில் அந்தப் பழைய ஃபில்டர் சிக்கல் இன்னும் இருக்கிறது, லட்ச ரூபாய் ஸ்பீக்கருக்கு அவை சரிப்படாது. இரண்டாவது சர்வீஸ். பழுதானால் பாகம் மாற்றுவது அரிது, மாட்யூலையே மாற்ற வேண்டும். பத்து வருடம் கழித்து அந்த மாட்யூல் கிடைக்குமா என்பது கம்பெனியின் மனதைப் பொறுத்தது. ஸ்ட்ரீமிங், வைஃபை எல்லாம் உள்ளேயே வைத்த மாடலாக இருந்தால் ஆம்புக்கு முன்னால் அதன் ஆப் செத்துப்போகும். ஸ்ட்ரீமரைத் தனியாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு வேடிக்கை: ஒரே மாட்யூலைப் பல பிராண்டுகள் வாங்கிப் போடுகின்றன. தடிமனான அலுமினியப் பெட்டிக்கு மட்டும் விலை மூன்று மடங்காகும் இடங்கள் உண்டு, உள்ளே என்ன மாட்யூல் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

## வீட்டில் இருக்கும் ஏவி ரிசீவரே போதாதா?

ஏவி ரிசீவர் என்பது படம் பார்ப்பதற்கான பல சேனல் ஆம்ப். சில மாதம் சமாளிக்கப் போதும். ரிசீவரின் பெட்டியில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. பவர் சப்ளையோ ஏழு, ஒன்பது சேனலுக்குப் பங்கு போடப்பட்டது. செட்டிங்கில் ‘4 ஓம்’ என்று மாற்றினால் சக்தி கூடும் என்று நினைக்க வேண்டாம், பொதுவாக அது ஆம்ப் சூடாகாமல் இருக்க வோல்டேஜைக் குறைக்கும் வசதி. ரிசீவரில் ப்ரீ அவுட் (வேறு பவர் ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் இணைப்பு) இருந்தால் அதிலிருந்து ஒரு ஸ்டீரியோ பவர் ஆம்புக்கு வயர் இழுத்துவிடலாம். படத்துக்கு ரிசீவர், பாட்டுக்குத் தனி ப்ரீ ஆம்ப் என்று பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | வால்வு | கிளாஸ் ஏ | கிளாஸ் ஏபி | கிளாஸ் டி |
|---|---|---|---|---|
| வழக்கமான வாட் | 8–75 | 20–50 | 60–300 | 100–400 |
| 3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கர் | வேண்டாம் | நல்ல மாடல், குறைந்த ஒலியில் | பவர் சப்ளை திடமாக இருந்தால் | நன்றாகத் தாங்கும் |
| சூடு | அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| பின்னால் வரும் செலவு | வால்வு, பயாஸ் | கரண்ட் பில், ஏசி | 15, 20 வருடத்தில் கெபாசிட்டர் | மாட்யூல் முழுதாக |
| உள்ளூர் மெக்கானிக் | தெரிந்தவர் இருந்தால் | முடியும் | முடியும் | கடினம் |

## சில ஜோடிகள்

க்ளிப்ஷ் ஹெரசி, லா ஸ்காலா போன்றவைக்கு வால்வு அல்லது சின்ன கிளாஸ் ஏ. 300 வாட் ஆம்பை இவற்றில் மாட்டினால் பணம் வீண் என்பதோடு, ஆம்பின் இரைச்சல் ட்வீட்டரில் ஸ்ஸ்ஸ் என்று கேட்கலாம்.

802 டி4 மாதிரிப் பெரிய டவருக்குத் திடமான ஏபி பவர் ஆம்ப், அல்லது நல்ல கிளாஸ் டி. அதே பிராண்டின் 805 டி4 புக்‌ஷெல்ஃப் குறைந்தபட்சம் 4.6 ஓமில் நின்றுவிடுகிறது. 88 டெசிபல் என்பதால் 100 வாட் ஏபி இன்டக்ரேட்டட் தாராளம்.

மேக்னபான் தட்டை ஸ்பீக்கர்கள் ஒரு சுவாரசியமான வகை. 4 ஓம்தான், ஆனால் அந்த 4 ஓம் அதிகம் ஆடாது. ஆம்புக்கு அதனால் குழப்பம் இல்லை, வாட் மட்டும் நிறைய வேண்டும். கிளாஸ் டி-க்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தோன்றவில்லை.

ஹார்பெத் பி3இஎஸ்ஆர் மாதிரிச் சின்ன பிரிட்டிஷ் ஸ்பீக்கர் 83.5 டெசிபல்தான். கிட்டே உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்தது அது. 50 வாட் ஏபி போதும், இன்னும் பெரிய ஆம்ப் போட்டாலும் அந்தச் சின்ன வூஃபர் ஓர் அளவுக்குமேல் தாங்காது.

## வாங்கும் முன்

கடை டெமோவை வைத்து முடிவெடுக்காதீர்கள், அந்த அறை உங்கள் அறை இல்லை. இரண்டு நாளைக்கு வீட்டுக்குக் கொடுக்கும் டீலரிடம் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் வாங்கலாம். வீட்டில் ஒப்பிடும்போது 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டு ஆம்பின் ஏசி வோல்டேஜையும் 1 சதவீதத்துக்குள் சமமாக்குங்கள். இதைச் செய்யாத ஒப்பீட்டில் ஜெயிப்பது கொஞ்சம் சத்தமாக இருந்த ஆம்ப்தான்.

1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க இன்ஜினியர் ஸ்டீரியோஃபைல் இதழுக்கு ஒரு சவால் விட்டார். இதழ்க்காரர்கள் எடுத்துவந்த விலையுயர்ந்த ஆம்பின் ஒலியைத் தன் மலிவான ட்ரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவருவதாகச் சொல்லி, ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இரண்டின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் கிட்டத்தட்ட மறையும்வரை தன் ஆம்பை மாற்றினார். விமர்சகர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விலைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆம்பை இன்வெர்ட்டர் லைனில் போட வேண்டாம். சைன் வேவ் இல்லாத இன்வெர்ட்டரில் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், கிளாஸ் ஏ என்றால் பேட்டரியும் சீக்கிரம் காலி. வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதியில் சர்ஜ் பாதுகாப்பு அவசியம், கிளாஸ் டி-க்கு இன்னும் அவசியம்.

செகண்ட் ஹேண்டில் ஜப்பானிலிருந்து வரும் அக்யூஃபேஸ், லக்ஸ்மேன் ஆம்புகள் விலையில் ஆசை காட்டும். அவற்றில் பல 100 வோல்ட் மாடல்கள். நம் 230-ல் நேரடியாகச் செருகினால் அன்றோடு முடிந்தது. கனமான ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர், ஜப்பானிலிருந்து அவ்வளவு எடையைப் பெட்டி கட்டி அனுப்பும் கூலி, கஸ்டம்ஸ், வாரண்டி இல்லாமை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, உள்ளூர் டீலரின் டெமோ பீஸ் என்ன விலைக்கு வருகிறது என்றும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.